வலிக்கும் டாக்டரும் ஒரு புள்ளியும்

புதுக்கோட்டை மாவட்டத்திலேயே பொய் சொல்லத் தெரியாத ஆள் ஒருவர்தான். அவர் ஒரு பல் டாக்டர். பொய் சொல்லத் தெரியாதவர் பல் டாக்டராக இருந்தால் என்ன ஆகும் என்று கேட்கிறீர்களா? வந்த நோயாளிகளில் பாதிப் பேர் நாற்காலியிலிருந்து இறங்கி ஓடுவார்கள். அந்த ஓட்டத்தை வாசலில் உட்கார்ந்து பார்த்துச் சம்பளம் வாங்கியவள் நான். டோக்கன் போடுவது, பேர் சொல்லிக் கூப்பிடுவது, ஓடுகிறவர்களை மறித்து அவர்கள் கழுத்தில் கட்டியிருக்கும் பச்சைத் துணியை அவிழ்த்து வாங்கிக்கொள்வது. இதுதான் என் உத்தியோகம்.

ஊசியைக் கையில் எடுத்ததும் எல்லா டாக்டரும் "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்பார்கள். எங்கள் டாக்டர் "வலிக்கும்" என்பார்.

கறம்பக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். ஊசியைப் பார்த்துவிட்டு, "கொஞ்சமா வலிக்குமா தாயி?" என்றார்.

"கொஞ்சம் இல்லீங்கய்யா. நல்லாவே வலிக்கும். இப்ப ஊசிக்கு ஒரு வாட்டி. மரப்பு விட்டதும் இன்னொரு வாட்டி."

"அப்ப பல்லு பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டும் தாயி" என்று எழுந்தவர், பச்சைத் துணியோடு போய் பஸ் ஏறிவிட்டார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான் துணிக்காக ஓடினேன். கிடைக்கவில்லை. அடுத்த வாரம் அவரே திரும்பி வந்தார், துணியைத் துவைத்து மடித்துக்கொண்டு. "வேற ஒரு டாக்டர்ட்ட போனேன். வலிக்கவே வலிக்காதுன்னாரு. உசுரு போயிருச்சு. நீங்களே பாருங்க தாயி, ஒங்க வலிதான் சொன்னபடி வருது."

அப்படித்தான் அவருக்கு 'வலிக்கும் டாக்டர்' என்று பேர் வந்தது. வெளியே போர்டில் அவர் சொந்தப் பேர் இங்கிலீஷ் படிப்புகளோடு எழுதியிருந்தது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ஆட்டோ ஸ்டாண்டில் "வலிக்கும் டாக்டர்ட்ட போவணும்" என்றால் போதும், கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள்.

டாக்டருக்குத் திருமயம் பக்கத்துப் பூர்வீகம். குடும்பம் மொத்தமும் சென்னையில் வியாபாரம், உத்தியோகம் என்று செட்டிலாகிவிட, இவர் மட்டும் "அங்க தெருவுக்கு நாலு பல் டாக்டர்" என்று சொல்லிவிட்டு இங்கே வந்து கிளினிக் போட்டார். வாயைத் திறந்தால் முதல் வார்த்தை "முன்னாடியே சொல்லிடுறேன்". ஆட்டோவில் ஏறும்போது, "முன்னாடியே சொல்லிடுறேன் அண்ணே, ஸ்பீட் பிரேக்கர்ல வேகமா ஏத்தினா கத்துவேன்" என்பார். ஏத்தினால் கத்தவும் செய்வார். துணிக்கடையில் போய் உட்கார்ந்து, "முன்னாடியே சொல்லிடுறேன், நான் எதுவும் வாங்கப் போறதில்ல, பாக்கத்தான் வந்தேன்" என்றபோது கடைக்காரர் அசந்துபோய்க் காப்பி வாங்கிக் கொடுத்தார். அவர் தொழிலில் அந்த உண்மையை யாரும் அவரிடம் சொன்னதே இல்லையாம்.

ஒருமுறை எங்கள் ஊர்ச் சர்ச் திருவிழாவுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தேன். அம்மா ஆசை ஆசையாகக் கறி ஆக்கிப் போட்டுவிட்டு, "எப்படி இருக்கு டாக்டரம்மா?" என்று கேட்டார். "உப்பு கூடிப் போச்சுங்க. ஆனா நான் இன்னும் ரெண்டு கரண்டி சாப்பிடுவேன்." அம்மா முகம் செத்துவிட்டது. அப்புறம் பார்த்தால், ஏதாவது விசேஷமாகச் செய்தால் ஒரு டப்பாவில் போட்டு, "டாக்டரம்மாட்ட குடுத்து எப்படி இருக்குன்னு கேட்டுட்டு வா. நீங்கள்லாம் எதப் போட்டாலும் நல்லாருக்குன்னு முழுங்குற கூட்டம்" என்று அனுப்ப ஆரம்பித்தார்.

இப்படிப்பட்டவர் டேட்டிங் ஆப்பில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் நான் சொல்லவந்த கதை.

ஒரு மத்தியானம் சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னார். "மேரி, முன்னாடியே சொல்லிடுறேன், நீ ஷாக் ஆகக் கூடாது. சென்னையில எனக்கு ஒருத்தர் இருக்காரு. ரொம்ப வருஷமா. அவருக்கு என்னைத் தவிர இன்னொருத்தங்களும் இருக்காங்க. எனக்கும் இன்னொருத்தர் இருக்கலாம். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். இதுதான் எங்க ஏற்பாடு."

எனக்குப் புரையேறிவிட்டது. தண்ணீரைக் குடித்துவிட்டு, "மாட்டிக்கிட்டா என்ன டாக்டர் பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"மாட்டிக்கிறதுக்கு என்ன இருக்கு? அதான் சொல்லிட்டோமே."

"எங்க பக்கம்கூட ரெண்டு வீடு வச்சிருக்கவுங்க இருக்காங்க டாக்டர். இதுவும் அதுவும் ஒண்ணுதானே?"

"ரெண்டாவது வீடு இருக்கிறது முதல் வீட்டுக்குத் தெரியுமா?"

"ஊருக்கே தெரியும். வீட்டுலதான் தெரியாத மாதிரி இருப்பாங்க."

"இங்க ஊருக்குத் தெரியாது. வீட்டுக்குத் தெரியும். அதுதான் வித்தியாசம்" என்று சொல்லிவிட்டுத் தயிரைப் போட்டுக்கொண்டார். எனக்குத்தான் அன்றைக்குத் தயிர் இறங்கவில்லை.

ஆனால் ஆள் என்னவோ தனியாக இருந்தார், அது உண்மை. சென்னைக்காரர் எப்போதாவதுதான் வருவார். ஷட்டரை இறக்கினால் பேச ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமையானால் தனியாக ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு எங்காவது போய்விட்டு வருவார். "இந்த ஊர்ல எனக்கு ஒருத்தர் வேணும் மேரி. ஆனா என்னோட ஏற்பாட்ட முழுசா படிச்சு, புரிஞ்சு, வேணும்னோ வேணாம்னோ சொல்ற ஆளா இருக்கணும். புரியாம ஒருத்தர் வந்து அப்புறம் அழக் கூடாது" என்றார். அதை ஆப்பில் எப்படி எழுதுவது என்பதில் ஆரம்பித்தது வினை.

முதலில் இங்கிலீஷில் எழுதினார். ஒளிவுமறைவில்லாமல் ஒன்றுக்கு மேற்பட்டவரோடு பழகுவதை மூன்றே எழுத்தில் சுருக்கி 'இ.என்.எம்.' என்பார்களாம். உலகம் பூராவும் புரியுமாம். புதுக்கோட்டையில் வந்த முதல் பதில்: "ஹாய் சிஸ்டர், ஏ.என்.எம்.மா இருக்கீங்களா? எந்த ஆரம்ப சுகாதார நிலையம்? எங்க மதினியும் ஏ.என்.எம்.தான்." எங்கள் பக்கம் ஊர் ஊராகத் தடுப்பூசி போட வருகிற நர்ஸுக்கு அதுதானே பேர்? அடுத்த ஆள் நேராக விஷயத்துக்கே வந்துவிட்டார்: "அக்கா பையனுக்கு அம்மை ஊசி எப்ப போடணும் மேடம்?" டாக்டர் அதற்கும் பொறுப்பாகப் பதில் எழுதினார்.

சரி, சுருக்கம் வேண்டாம் என்று 'ஓப்பன்' என்று போட்டார். அன்று சாயங்காலமே ஒரு பையன் கேட்டிருந்தான்: "ஓப்பன்னா ஓப்பன் கோட்டாவா மேடம்? நாங்க பி.சி. அப்ளை பண்ணலாமா?" டாக்டர் போனை என்னிடம் நீட்டினார். பையன் பாவம், மரியாதையாகத்தான் கேட்டிருந்தான்.

"அந்த வரியவே எடுத்துருங்க டாக்டர்" என்றேன். "மொதல்ல பழகுங்க. ஆள் படிஞ்சதும் பக்குவமா சொல்லிக்கலாம்."

"வாயில ஊசியக் குத்திட்டு அப்புறம் வலிக்கும்னு சொல்லச் சொல்றியா?"

மேற்கொண்டு பேசினால் டோக்கன் மேஜையிலிருந்து எழுந்து போகச் சொன்னாலும் சொல்வார், அதையும் முன்னாடியே சொல்லிவிட்டு.

"நீ தமிழ் பி.ஏ.தானே? தமிழ்ல எப்படிச் சொல்றது?" என்றார். யோசித்து, "என் உறவுமுறை கொஞ்சம் வேறு மாதிரி" என்று எழுதலாம் என்றேன். அவர் அப்படியே போட்டார். எங்கள் ஜில்லாவில் 'முறை' என்ற வார்த்தையைத் தொட்டால் என்ன ஆகும் என்று தமிழ் பி.ஏ. படித்த எனக்கே உறைக்கவில்லை. "நீங்க எந்தக் கோயில் பங்காளிங்க?" என்று ஒருவர். "எங்களுக்குத் திருமயத்துல சம்பந்தம் இருக்கு, முறை பாத்துட்டுச் சொல்றேன்" என்று இன்னொருவர். அவர் நிஜமாகவே நாலு பேரிடம் விசாரித்துவிட்டு மூன்றாம் நாள் எழுதினார்: "விசாரிச்சுட்டேன். நீங்க எனக்கு அத்தை முறை வாரீங்க. தெரியாம ஹார்ட் அனுப்பிட்டேன். மன்னிச்சுக்கங்க அத்தை."

அன்றைக்கு டாக்டர் சிரித்த சிரிப்பில், நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தவரும் என்னவென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார்.

அடுத்த வாரம் என்னைக் கேட்காமல், ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் நடுவில், அவரே தட்டிவிட்டார். "நான் பல உறவுகளில் நம்பிக்கை உள்ளவள். ஒளிவுமறைவு கிடையாது. சம்மதம் உள்ளவர்கள் மட்டும் வரவும்." நல்ல தமிழ், தெளிவான தமிழ். யாருக்கும் சந்தேகம் வர வழியே இல்லை.

மறுநாள் காலையில் வாசலில் பைக்காக நிற்கிறது. எல்லாம் இளவட்டங்கள். எல்லாருக்கும் பல்வலி. "ஆப்ல பாத்தோம்" என்கிறார்கள். ஒருத்தன், "கடவாப் பல்லு ஆடுது, உறவு நீடிக்குமான்னு பாத்துச் சொல்லச் சொல்லுங்க" என்று என்னிடம் நக்கல் வேறு. டோக்கன் தீர்ந்து, நான் பழைய மருந்துச் சீட்டின் பின்பக்கத்தைக் கிழித்து நம்பர் எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாள் இந்தக் கூத்து நடந்தபிறகுதான் டாக்டரின் போனை வாங்கிப் பார்த்தேன்.

"டாக்டர்! புள்ளி!"

"என்ன புள்ளி?"

"ல-வுக்கு மேல புள்ளி விழுந்துருக்கு. 'பல் உறவுகளில் நம்பிக்கை உள்ளவள்'னு இருக்கு."

பக்கத்திலேயே தொழில் பல் மருத்துவர் என்றும் இருக்கிறது. பிறகு யார் சந்தேகப்படுவார்கள்? ஏதோ இலவச முகாம் என்று நினைத்து ஊரே கிளம்பி வந்திருக்கிறது. டாக்டர் அங்கேயே புள்ளியை எடுத்துவிட்டார். பைக்குகளும் குறைந்துவிட்டன.

அந்தக் கூட்டத்தில் வந்தவர்களில் ஒருவர் மட்டும் திரும்பத் திரும்ப வந்தார். அறந்தாங்கியில், எரிந்துபோன தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தவர். கல்ஃபில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர். மனைவி விவாகரத்து வாங்கிக்கொண்டு போய்விட்டதாக அவரே சொன்னார். அவருக்கு வேர் சிகிச்சை, அதனால் நாலைந்து தடவை வரவேண்டியிருந்தது. "வலிக்கும்" என்று டாக்டர் சொன்னபோது ஓடாமல், "சரிங்க, எப்பன்னு மட்டும் சொல்லுங்க, பல்லக் கடிச்சுக்கிறேன்" என்றார். "பல்லத்தான் கடிக்கக் கூடாது" என்று டாக்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் நான் டோக்கனை வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தேன்.

அப்புறம் காப்பி. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் குடுமியான்மலைக்குப் போய்விட்டு வந்தார்கள். டாக்டர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே பல் பிடுங்கினார். நோயாளிகள் பயந்தார்கள். "ஆப்ல நான் எழுதினதப் படிச்சீங்களான்னு கேட்டேன் மேரி. 'படிச்சேங்க, அதப் பாத்துத்தான் வந்தேன்'னு சொல்லிட்டாரு!" என்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். சென்னைக்காரரிடமும் சொல்லியாகிவிட்டது. "ரொம்ப சந்தோஷம். அவரு பல்லு இப்ப எப்படி இருக்கு?" என்று அவர் விசாரித்தாராம். இப்படியும் மனுஷர்கள் இருக்கிறார்களா என்று எனக்குத் தலை சுற்றியது.

கடைசி சிட்டிங். ஊசி போட்டாயிற்று, வாய் மரத்துக்கொண்டு வருகிறது. அறந்தாங்கிக்காரர் குழறிக் குழறி ஆசையாகச் சொன்னார்: "ஒங்க கொள்க எனக்கு ரொம்பப் பிடிச்சுதுங்க. பல் உறவு. யாரும் இப்படி யோசிச்சதில்ல. ஒரு பல்லுன்னாலும் கடேசி வரைக்கும் கூட இருக்கணும்."

நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மனுஷன் புள்ளியோடு படித்திருக்கிறார்! புள்ளியை எடுத்தபிறகு பார்க்கவே இல்லை. டாக்டர் கையில் பஞ்சோடு அப்படியே நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பின்னாலிருந்து இரண்டு கையையும் ஆட்டினேன், சொல்லாதீங்க, இன்னைக்கு வேணாம், விட்டுருங்க என்று. டாக்டர் அவர் வாயில் பஞ்சை வைத்தார். நாற்காலியைக் கொஞ்சம் நிமிர்த்தினார். மாஸ்க்கைக் கழற்றினார்.

"முன்னாடியே சொல்லியிருக்கணும். சொல்லிட்டேன்னு நெனச்சேன். அது பல் இல்லீங்க. பல."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். சென்னைக்காரர் இருப்பதை, அவருக்கு இன்னொருவர் இருப்பதை, எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருப்பதை. யாரையும் ஏமாற்றுவதில்லை, யாரையும் விடப்போவதுமில்லை என்பதை. ஒரு வரியைக்கூட மழுப்பவில்லை. அறந்தாங்கிக்காரர் வாய் நிறையப் பஞ்சோடு, பாதி முகம் மரத்துப்போய், "ஆ... ஆ..." என்றார். அது கேள்வியா, பதிலா, பல்லா என்று எங்கள் இரண்டு பேருக்கும் விளங்கவில்லை.

"இப்ப ஒண்ணும் சொல்ல வேணாம். மரப்பு விட்டதும் சொல்லுங்க" என்றார் டாக்டர். சொல்லிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் பல்லுக்குத் தொப்பி மாட்டி முடித்தார். பெரிய ஆள்தான்!

மரப்பு விட ஒரு பொழுது ஆகும். அறந்தாங்கிக்காரர் பத்துப் பதினைந்து நாள் வரவில்லை. டாக்டர் பாட்டு நின்றுபோனது. ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, "அடுத்தவங்கள வரச் சொல்லு மேரி" என்பார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த மனுஷன்மேலா, டாக்டர்மேலா, அந்தப் புள்ளிமேலா என்று சொல்லத் தெரியவில்லை.

ஒரு மத்தியானம் வந்தார். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. நான் டோக்கனை நீட்டினேன். "பல்லுக்கு வரலம்மா" என்றார். டாக்டர் வெளியே வந்துவிட்டார். நான் எழுந்து போகப் பார்த்தேன். "நீங்களும் இருங்க, ஒளிச்சு வைக்க ஒண்ணுமில்ல" என்று அவரே என்னை உட்காரவைத்தார்.

"புள்ளி இல்லாம படிச்சேங்க" என்றார் டாக்டரிடம். "தெனமும் படிச்சேன். கல்ஃப்ல என் ரூம்ல இருந்தவங்க பாதிப் பேருக்கு இங்கிட்டு ஒரு குடும்பம், அங்கிட்டு ஒரு பழக்கம். வீடியோ கால் வந்தா என்னைய வெளிய போவச் சொல்லுவாங்க. எல்லாம் பொய்யி. நீங்க அப்படி இல்ல. நாக்கூசாம நெசத்தச் சொன்னீங்க. அதுனால நானும் மழுப்பக் கூடாதுல்ல?"

"சொல்லுங்க" என்றார் டாக்டர்.

"என்னால முடியாதுங்க. உங்களத் தப்பாச் சொல்லல. என் மனசு அப்படி. ஒருத்தர நெனச்சா ஒருத்தரத்தான் நெனைக்கும். நீங்க சென்னைக்குப் போன அன்னைக்கு நான் கடையில ஒக்காந்து எல்லா மோட்டாருக்கும் தப்பாக் காயில் கட்டிருவேன். ஊர்ல ஒருத்தன் கெணத்துலயும் தண்ணி வராது."

டாக்டர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. அறந்தாங்கிக்காரர் கண்ணும் கலங்கியிருந்தது. கதவுவரை போனவர் திரும்பினார்.

"ஆனா பல்லுக்கு நீங்கதாங்க. அதுலயும் நான் வேற டாக்டரப் பாக்க மாட்டேன்."

"பல்லுக்கு நீங்க வேற டாக்டரையும் பாக்கலாம்" என்றார் டாக்டர். "எங்கிட்ட சொல்லிட்டுப் போனாப் போதும்."

இந்த முறை இரண்டு பேருமே சிரித்துவிட்டார்கள். பைக் சத்தம் தெருமுனை தாண்டும்வரை டாக்டர் வாசலிலேயே நின்றார். அப்புறம் உள்ளே வந்து நோயாளி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"எனக்கு அவர ரொம்பப் பிடிச்சிருந்துச்சு மேரி."

"தெரியும் டாக்டர்."

"முழுசா படிச்சுட்டு பதில் சொன்ன முதல் ஆளு. எவ்வளவு நல்ல பதில், பாத்தியா?" என்று சொல்லிக்கொண்டே அழுதார். வாய்விட்டு, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதார். நான் என்ன செய்ய? பச்சைத் துணியை எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்காவது அந்த வரியை எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து போனை எடுத்தார். அந்த வரியை எடுக்கவில்லை, அதற்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தார்: "புரியவில்லை என்றால் கேட்கவும். பொறுமையாக விளக்கப்படும்." அதைப் படித்துவிட்டும் இரண்டு பேர் பல் விளக்குவது எப்படி என்று எழுதினார்கள் என்பது வேறு விஷயம்.

நான் இப்போது அந்த வேலையில் இல்லை. டாக்டர் அதே கிளினிக்கில்தான் இருக்கிறார். ஊரில் அரசல்புரசலாகப் பேச்சு கிளம்பாமல் இல்லை. யாராவது நேரில் கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவதால், அதற்கு மேல் ஜாடையாகப் பேச யாருக்கும் எதுவும் மிஞ்சவில்லை. பல்வலி வந்தால் அவரிடம்தான் போகிறார்கள்.

போன மாதம் என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை. அவர் சித்தப்பாதான் எல்லாக் கேள்விக்கும் "எங்க பையன் தங்கம்" என்று பதில் சொன்னார். அவர்கள் போனதும் வேண்டாம் என்றேன். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "வார ஆளையெல்லாம் வேணாங்கிற. ஒனக்கு எப்படித்தான் மாப்பிள்ள வேணும், அதையாச்சும் சொல்லித் தொலடி!"

"எனக்கு ஒரே ஒரு ஆள் போதும்மா. ஆனா டாக்டர் மாதிரி இருக்கணும்."

"டாக்டர் மாப்பிள்ளைக்கு நாம எங்கடி போறது?"

"படிப்பு என்னவா வேணாலும் இருக்கட்டும்மா. நம்ம டாக்டர் மாதிரி எதையும் முன்னாடியே சொல்லிடுற ஆளா இருந்தாப் போதும்."